சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க உண்மையில் விரும்புகிறதா?

நியான்பத்து

வணக்கம். தங்கைக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன், நானே மாட்டிக்கொண்டேன். "சோடியத்தின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான்தான் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு நியானைப் போல எட்டு எலக்ட்ரான்களுடன் நிலைபெற அது விரும்புகிறது. குளோரினுக்கு ஒன்று குறைகிறது, அதை வாங்கிக்கொள்ள அது விரும்புகிறது" என்று எனக்குச் சொல்லித் தந்தபடியே அவளுக்கும் சொன்னேன்.

அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையைப் புரட்டிக் காட்டினாள். சோடியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 496 கிலோஜூல். "விரும்பிக் கொடுப்பதை ஏன் இவ்வளவு ஆற்றல் செலவழித்துப் பிடுங்க வேண்டும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதே அட்டவணையில் இன்னும் இரண்டு இடங்கள் இடிக்கின்றன. வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப் போக அயனியாக்கும் ஆற்றல் கூடும் என்கிறார்கள்; ஆனால் நைட்ரஜனுக்கு 1402, அடுத்த ஆக்சிஜனுக்கு 1314. எலக்ட்ரானை மிக வலுவாகக் கவர்வது ஃபுளூரின் என்கிறார்கள். ஆனால் எலக்ட்ரான் நாட்டம் (அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) குளோரினுக்கு 349, ஃபுளூரினுக்கு 328. இவற்றை விதிவிலக்குகள் என்று மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளக்க முடிந்தவர்கள் உதவுங்கள்.

படிகக்கண்

உங்கள் தங்கை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். தனியாக நிற்கும் சோடியம் அணு எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புவதில்லை. எந்த நடுநிலை அணுவும் விரும்புவதில்லை. அட்டவணையில் முதல் அயனியாக்கும் ஆற்றல் எதிர்க்குறியோடு இருக்கும் தனிமம் ஒன்றுகூடக் கிடையாது. அணுக்கரு நேர்மின்சுமை, எலக்ட்ரான் எதிர்மின்சுமை. பிரிக்க எப்போதும் ஆற்றல் வேண்டும்.

அப்படியானால் உப்பு எப்படி உருவாகிறது? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சோடியம் அணுவிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க 496 செலவு. அதைக் குளோரின் அணுவிடம் சேர்த்தால் 349 வரவு. நிகரமாக 147 கிலோஜூல் நட்டம். இரண்டு அணுக்களும் வெகுதொலைவில் இருக்கும்வரை இந்தக் கைமாற்றம் நடக்காது. "கொடுக்க விருப்பம், வாங்க விருப்பம்" என்ற கதை இங்கேயே முறிந்துவிடுகிறது.

இப்போது அவற்றை நெருங்கவிடுங்கள். நேரயனிக்கும் எதிரயனிக்கும் இடையிலான கவர்ச்சி ஆற்றல், தொலைவு குறையக் குறையக் கூடும். கூலும் விதிப்படி கணக்கிட்டால் ஏறத்தாழ 945 பிக்கோமீட்டர் இடைவெளியில் அந்தக் கவர்ச்சி 147 கிலோஜூலை எட்டுகிறது. நட்டம் அங்கே ஈடாகிறது. அதற்குள் வந்துவிட்டால் கைமாற்றம் இலாபம். உப்புப் படிகத்தில் அடுத்தடுத்த சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடையே 282 பிக்கோமீட்டர்தான். அதோடு ஒவ்வோர் அயனியையும் எதிர் மின்சுமை கொண்ட ஆறு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன.

முழுக்கணக்கு இது. திட சோடியத்தை ஆவியான அணுக்களாக்க 107 செலவு. குளோரின் மூலக்கூற்றைப் பிளந்து ஒரு மோல் அணு எடுக்க 121 செலவு. எலக்ட்ரானைப் பறிக்க 496 செலவு. குளோரின் அதை ஏற்பதால் 349 வரவு. அயனிகள் படிகமாக அடுக்கப்படுவதால் 787 வரவு; இதைப் படிகக்கூடு ஆற்றல் என்பார்கள். கூட்டிக் கழித்தால் 412 வரவு. சோதனையில் அளந்த உருவாதல் வெப்பம் 411. இந்தக் கணக்குக்கு பார்ன்–ஹேபர் சுற்று என்று பெயர். அந்த 787 இல்லாவிட்டால் உப்பே இல்லை. அது சோடியத்தின் சொத்துமல்ல, குளோரினின் சொத்துமல்ல, படிகத்தின் சொத்து.

கரிமூலை

படிகக்கண் சொல்லும் கணக்கில் பிழையில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் படிகக்கூடு ஆற்றல் என்று தொடங்க முடியாது. "விரும்புகிறது" என்பது ஏறி வர ஓர் ஏணி. அந்த ஏணியை வைத்துத்தான் பிள்ளைகள் சோடியம் குளோரைடுக்கும் கால்சியம் ஆக்சைடுக்கும் வாய்பாடு எழுதக் கற்கிறார்கள். எடுத்த எடுப்பில் அதை ஒடித்துப் போட்டால் அவர்கள் எதைப் பிடித்து ஏறுவார்கள்? எட்டு என்ற எண் முதல் இருபது தனிமங்களுக்கு மிக நன்றாகவே வேலை செய்கிறது.

படிகக்கண்

எட்டு என்ற எண்ணை நான் விடச் சொல்லவில்லை. லூயிஸ் 1916இல் எலக்ட்ரான் இணைகளைப் புள்ளிகளாக வரைந்து காட்டிய முறையை இன்றும் ஆய்வாளர்கள் தாளின் ஓரத்தில் வரைந்துகொள்கிறார்கள். என் கவலை வேறு. "எட்டை அடைவதற்காக அணு வினைபுரிகிறது" என்று சொன்னால் விளைவைக் காரணமாக்கிவிடுகிறோம். பிள்ளை பிற்பாடு எதைக் கேட்டாலும் "எட்டு வேண்டும், அதனால்தான்" என்ற ஒரே பதிலில் கேள்வி செத்துவிடுகிறது. "சோடியத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானை எடுப்பது மலிவு, இரண்டாவதை எடுக்க 4562 கிலோஜூல் ஆகும், அது கட்டுப்படியாகாது" என்று சொல்லிப் பாருங்கள். சிறு பிள்ளைக்கும் செலவு–வரவு புரியும். வாய்பாடும் அதே வாய்பாடாகத்தான் வரும்.

வெண்பாஸ்பரஸ்

நைட்ரஜன்–ஆக்சிஜன் பற்றி யாரும் சொல்லவில்லையே. பாதி நிரம்பிய ஆர்பிட்டால்களுக்கு, அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் அறைகளுக்கு, தனி நிலைப்புத்தன்மை உண்டு; நைட்ரஜனின் 2பி மட்டத்தில் மூன்று எலக்ட்ரான்கள், ஆகவே அது நிலையானது, ஆகவே அயனியாக்கும் ஆற்றல் அதிகம். தேர்வில் இப்படித்தான் எழுதினோம்.

படிகக்கண்

தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது பெயர் சூட்டல்தான், விளக்கமில்லை. முதலில் பொதுப்போக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

சோடியத்தின் கருவில் 11 புரோட்டான்கள். வெளி எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் நடுவே 10 எலக்ட்ரான்கள் திரைபோல நிற்கின்றன. வெளி எலக்ட்ரான் உணரும் நிகர இழுப்பை ஸ்லேட்டர் விதிகளைக் கொண்டு தோராயமாகக் கணக்கிடலாம்: 2.2 வருகிறது. அதே வரிசையில் குளோரினுக்குப் போங்கள். புரோட்டான்கள் 17. உள்கூட்டில் அதே 10 எலக்ட்ரான்கள்தாம். புதிதாக வந்தவை எல்லாம் வெளிக்கூட்டிலேயே ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்பவை. பக்கத்தில் நிற்பவன் நன்றாக மறைக்க மாட்டான். ஆகவே வெளி எலக்ட்ரான் உணரும் இழுப்பு 6.1. வரிசையில் வலப்பக்கம் போகும்போது அணு சுருங்குவதற்கும், எலக்ட்ரானைப் பறிப்பது கடினமாவதற்கும், பிற அணுவின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன் கூடுவதற்கும் இந்த ஒரே காரணம்தான். தொகுதியில் கீழே போனால் ஒவ்வொரு முறையும் ஒரு கூடு கூடுகிறது, தொலைவு கூடுகிறது, பிடி தளர்கிறது: லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419.

இப்போது இடறும் இடங்கள். பெரிலியம் 900, அடுத்த போரான் 801. போரானின் கடைசி எலக்ட்ரான் 2எஸ் மட்டத்தில் இல்லை, அதைவிட ஆற்றல் கூடிய 2பி மட்டத்தில் இருக்கிறது. 2எஸ் எலக்ட்ரான்கள் அதை ஓரளவு மறைக்கவும் செய்கின்றன. உயரத்தில் இருப்பதை எடுப்பது எளிது.

நைட்ரஜனில் மூன்று 2பி ஆர்பிட்டால்களில் மூன்று எலக்ட்ரான்கள், ஆளுக்கோர் அறை என்று இருக்கின்றன. ஆக்சிஜனின் நான்காவது எலக்ட்ரானுக்குத் தனி அறை இல்லை. ஏற்கெனவே ஒருவர் இருக்கும் அறையில் நுழைந்தாக வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு எதிர்மின்சுமைகள்: விலக்குவிசை கூடுகிறது. ஒரே திசையில் சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று இயல்பாகவே விலகி நிற்பதால் கிடைக்கும் பரிமாற்ற ஆற்றலிலும் அந்த நான்காவதற்குப் பங்கு கிடையாது. அதனால் அது சற்றுத் தளர்வாக இருக்கிறது. நைட்ரஜன் தனிச் சிறப்பாக உயர்ந்துவிடவில்லை. ஆக்சிஜன்தான் சற்று இறங்கியிருக்கிறது. போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402 என மூன்றும் ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறுவதை வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். பிறகு ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081: இன்னொரு கோடு, ஒரு படி கீழே தொடங்கி மேலே போகிறது.

இந்த விளக்கம் சரியென்றால் இன்னொன்றும் நடக்க வேண்டும். அணு பெரிதானால் அறைகளும் பெரிதாகும், நெருக்கடி குறையும், சறுக்கலும் குறைய வேண்டும். அடுத்த வரிசையைப் பாருங்கள்: பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. நைட்ரஜன்–ஆக்சிஜன் இடையே 88 இருந்த சறுக்கல் இங்கே 12தான். ஆர்சனிக்–செலினியத்தில் இன்னும் குறைகிறது. "பாதி நிரம்பினால் நிலைப்பு" என்ற மந்திரத்தை மட்டும் வைத்திருந்தால் இந்தத் தேய்வை எதிர்பார்த்திருக்கவே முடியாது.

நியான்பத்து

வரைபடத் தாளில் குறித்தேன். அந்த இரண்டு கோடுகளும் அப்படியே தெரிகின்றன. இத்தனை நாள் எண்களாக மட்டும் பார்த்தேன். இதேபோல ஃபுளூரினுக்கும் காரணம் நெருக்கடிதானா?

கரிமூலை

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஆம், நெருக்கடிதான். ஃபுளூரின் மிகச் சிறிய அணு. ஏற்கெனவே ஏழு எலக்ட்ரான்கள் நெருக்கியடித்திருக்கும் இடத்தில் எட்டாவது வந்தால் விலக்கம் அதிகம். குளோரினில் இடம் சற்றுத் தாராளம். ஃபுளூரின் மூலக்கூற்றிலும் இதே கதைதான்: குளோரின்–குளோரின் பிணைப்பை உடைக்க 242 கிலோஜூல் வேண்டும், ஃபுளூரின்–ஃபுளூரினுக்கு 158 போதும். இரு அணுக்களின் தனித்த இணைகளும் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைகள்) நேருக்கு நேர் முட்டுகின்றன. ஃபுளூரின் அவ்வளவு ஆவேசமாக வினைபுரிவதற்கு அந்த எளிதில் உடையும் பிணைப்பும் ஒரு காரணம். புதிதாக அமையும் பிணைப்புகள் மிக வலுவானவை என்பது மற்றொன்று.

எலக்ட்ரான் நாட்டமும் எலக்ட்ரான் கவர்தன்மையும் வெவ்வேறு. முதலாவது, வாயு நிலையில் தனித்து நிற்கும் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல், அளந்தறியும் அளவு. இரண்டாவது, பிணைப்புக்குள் இருக்கும் அணு பொது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதைக் கண்டு ஒவ்வோர் ஆண்டும் வருந்துகிறேன்.

படிகக்கண்

கரிமூலை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் கவர்தன்மை அட்டவணையில் ஃபுளூரினுக்கு இருக்கும் 3.98 எங்கிருந்து வந்தது என்று எந்த வகுப்பிலும் காட்டுவதில்லை. பாலிங் 1932இல் தொடங்கிவைத்த முறை இது. ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பாற்றல் 436. ஃபுளூரின்–ஃபுளூரின் 158. இரண்டு அணுக்களும் சமமாகப் பகிர்ந்திருந்தால் ஹைட்ரஜன்–ஃபுளூரின் பிணைப்பு இவ்விரண்டின் சராசரி அளவுக்கே இருந்திருக்கும். பெருக்குச் சராசரி எடுத்தால் 262. உண்மையில் அளந்தது 567. மிகுதி 305 கிலோஜூல். சமமாகப் பகிராததால் வந்த கூடுதல் வலு இது. இதை எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மாற்ற 96.5ஆல் வகுங்கள்: 3.16. வர்க்கமூலம் 1.78. இப்போது அட்டவணையில் ஃபுளூரினின் 3.98இலிருந்து ஹைட்ரஜனின் 2.20ஐக் கழித்துப் பாருங்கள்.

நான் முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த நாளில் அதே 1.78 வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வெண்பாஸ்பரஸ்

அப்படியானால் "கவர்தன்மை வேறுபாடு 1.7க்கு மேல் இருந்தால் அயனிப் பிணைப்பு" என்ற விதி? ஹைட்ரஜன் ஃபுளூரைடு 1.78 ஆயிற்றே.

படிகக்கண்

ஹைட்ரஜன் ஃபுளூரைடு சுமார் 19.5 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. தனித்தனி மூலக்கூறுகளால் ஆனது. அதை உப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1.7 என்பது வரப்பு அன்று, வயலின் நடுவே யாரோ நட்ட குச்சி. முழுக்கச் சமமாகப் பகிர்வது ஒரு முனை, முழுக்கக் கைமாறுவது மறுமுனை. பெரும்பாலான சேர்மங்கள் இடையில் எங்கோ இருக்கின்றன. உலோகப் பிணைப்பைச் சேர்த்தால் மூன்றாவது முனையும் வந்துவிடும்: அங்கே வெளி எலக்ட்ரான்கள் படிகம் முழுவதற்கும் பொது. சோடியம் 98 டிகிரியிலும் மக்னீசியம் 650 டிகிரியிலும் உருகுவதற்குப் பொதுவில் விடப்படும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒரு முக்கியக் காரணம்.

பாதரசத்துளி

தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்குகள் அருமை. இந்த எண்கள் வரலாற்றில் என்ன செய்தன என்பதையும் தங்கைக்குச் சொல்லுங்கள்.

மெண்டலீவ் 1869இல் அட்டவணையை வெளியிட்டபோது எலக்ட்ரான் என்ற ஒன்றே தெரியாது. அணு நிறையையும் வேதிப் பண்புகளையும் வைத்து அடுக்கினார். பொருந்தாத இடத்தில் காலி இடம் விட்டார். அலுமினியத்துக்குக் கீழே ஒரு காலி இடம். அங்கே வரப்போகும் உலோகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5.9 கிராம் என்று கணித்தார். 1875இல் லெக்கோக் த புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். மாதிரியைத் தூய்மையாக்கி மறுபடி அளக்குமாறு மெண்டலீவ் எழுதினார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர், அதைக் கையில் வைத்திருப்பவரிடம் அளவு தவறு என்கிறார்! மறுபடி அளந்தபோது 5.9 வந்தது.

அவருக்கும் உறுத்தல்கள் இருந்தன. டெலூரியத்தின் அணு நிறை 127.6, அயோடினுக்கு 126.9. நிறைப்படி அடுக்கினால் அயோடின் முன்னால் வர வேண்டும், பண்புப்படி பின்னால். மெண்டலீவ் பண்பின் பக்கம் நின்றார். 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர் நிறமாலைகளை அளந்து, அடுக்க வேண்டியது நிறையை வைத்து அன்று, அணு எண்ணை வைத்து என்று காட்டியபோது அந்த உறுத்தல் தீர்ந்தது. மோஸ்லி 1915இல் கலிப்போலிப் போரில் கொல்லப்பட்டார். வயது 27.

எட்டின் மீது வைத்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பது இன்னொரு கதை. மந்த வாயுக்கள் எட்டு நிரம்பியவை, ஆகவே எதனோடும் சேரா என்று பல ஆண்டுகள் பாடம் நடந்தது. 1962இல் நீல் பார்ட்லெட் பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்னும் செந்நிற ஆவியோடு வேலை செய்துகொண்டிருந்தார். அது ஆக்சிஜன் மூலக்கூற்றிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூற்றின் அயனியாக்கும் ஆற்றல் 1175. அட்டவணையைப் பார்த்தார், செனானுக்கு 1170. ஆக்சிஜனிடம் பறிக்க முடிந்தது செனானிடம் ஏன் முடியாது? இரண்டு வாயுக்களையும் பிரித்து நின்ற கண்ணாடித் தடுப்பை உடைத்தார். அறை வெப்பநிலையிலேயே ஆரஞ்சு–மஞ்சள் நிறத் திடப்பொருள் படிந்தது. "எட்டு நிரம்பிவிட்டது" என்பதை அவர் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் அந்தத் தடுப்பு உடைந்திருக்காது. அவர் கேட்டது, எவ்வளவு செலவாகும் என்பதை.

கரிமூலை

பாதரசத்துளி, இதை வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன். படிகக்கண் அவர்களுக்கு: ஏணியைப் பற்றி நான் சொன்னதை முழுதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் "விரும்புகிறது" என்பதற்குப் பதில் "குறைந்த செலவில் முடிகிறது" என்று இந்தப் பருவம் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எலக்ட்ரான்களைப் பகிர்ந்து அமையும் சகப்பிணைப்பைப் பற்றிக் குறைவாகவே பேசினோம். பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே வரும் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். இதை எப்படித் திருத்துகிறீர்கள்?

படிகக்கண்

கணக்கால்தான். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் எரிகின்றன. உடைக்கும் செலவு: ஹைட்ரஜனுக்கு இரண்டு தடவை 436, ஆக்சிஜனுக்கு 498, மொத்தம் 1370. நீரில் நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைகின்றன, ஒவ்வொன்றும் சராசரி 463. மொத்த வரவு 1852. மிச்சம் 482, அதுதான் வெப்பமாக வெளியேறுகிறது. உடைப்பது எப்போதும் செலவு, அமைவது எப்போதும் வரவு. ஒரு பிணைப்பு உடையும்போது வெப்பம் வந்ததாகத் தோன்றினால், பக்கத்தில் அதைவிட வலுவான ஒன்று அமைந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

சகப்பிணைப்பிலும் "இணை" என்ற சொல்லின்மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்ற வேண்டாம். இரு கருக்களுக்கு நடுவே எலக்ட்ரான் நிற்கும்போது இரண்டும் அதை இழுக்கின்றன. பிணைப்பின் சாரம் அது. ஹைட்ரஜன் மூலக்கூற்றிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்துவிடுங்கள். மிச்சம் ஒற்றை எலக்ட்ரான்தான், இணையே இல்லை. ஆனாலும் அந்த அயனி பிரிந்துவிடுவதில்லை. உடைக்க இன்னும் சுமார் 255 கிலோஜூல் வேண்டும். கரு இடைவெளி மட்டும் 74இலிருந்து 106 பிக்கோமீட்டராக நீள்கிறது.

நியான்பத்து

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு தங்கையும் நானும் மக்னீசியம் குளோரைடுக்கு அதே சுற்றைப் போட்டோம். பதங்கமாதல் (திட மக்னீசியத்தை ஆவியான அணுக்களாக்குவது) 148, முதல் எலக்ட்ரான் 738, இரண்டாவது 1451, குளோரின் மூலக்கூற்றைப் பிளக்க 242, இரு குளோரின் அணுக்களும் ஏற்பதால் 698 வரவு. படிகக்கூடு ஆற்றல் சுமார் 2520 வரவு. விடை 639 வரவு, அட்டவணையில் 641. மூன்றாவது எலக்ட்ரானுக்கு 7733 என்று பார்த்ததும் தங்கையே "இது கட்டுப்படியாகாது" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. இரண்டாவது எலக்ட்ரானை விட்டுவிட்டு, ஒரு மக்னீசியத்துக்கு ஒரு குளோரின் மட்டும் சேர்த்தால் என்ன என்றாள். சோடியம் குளோரைடின் 787ஐயே படிகக்கூடு ஆற்றலாக வைத்துக்கொண்டோம். 148, 738, 121 செலவு. 349, 787 வரவு. 129 வரவு வருகிறது! நட்டமில்லையே. பிறகு ஏன் அந்தச் சேர்மத்தை நாம் காண்பதில்லை?

படிகக்கண்

அவளிடம் அந்தச் சேர்மத்தை இரண்டு மோல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதிலுள்ள குளோரின் முழுவதும் ஒரே மக்னீசியத்திடம் போய், மற்ற மக்னீசியம் வெறும் உலோகமாகத் திரும்பினால் கணக்கு எங்கே போகிறது என்று பார்க்கட்டும்.

நியான்பத்து

போட்டுவிட்டாள். இரண்டு மோலுக்கு 258 வரவு. மக்னீசியம் குளோரைடாகவும் உலோகமாகவும் பிரிந்துவிட்டால் 641. பிரிவதால் இன்னும் 383 கிலோஜூல் வெளியே வருகிறது. அந்தச் சேர்மம் உண்டானாலும் தங்காது என்று நோட்டின் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாள். இப்போது அலுமினியத்துக்குப் போயிருக்கிறாள்.